புருவத்தில் இருந்த விடை

நாள் முழுக்க முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்திருப்பதுதான் என் வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது கன்னம் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. சும்மா உட்கார்ந்து பிள்ளைகளோடு விளையாடுவதற்குச் சம்பளமா என்றுதான் கேட்பார்கள்.

பல்கலைக்கழகத்தின் பின்பக்கக் கட்டிடத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேஜை, ஒரு கணினி, பிள்ளைகளுக்காக உயரம் குறைத்த ஒரு நாற்காலி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவார்கள். திரையில் நட்சத்திரம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், நிலா வந்தால் அழுத்தக் கூடாது. நட்சத்திரமாகவே வந்துகொண்டிருந்து, கை நன்றாகப் பழகிப்போன சமயத்தில் திடீரென்று ஒரு நிலா வரும். கை தானாகப் பாயும். அதைப் பிடித்து நிறுத்த முடிகிற பிள்ளை எது, முடியாத பிள்ளை எது என்பதைக் கணினி குறித்துக்கொள்ளும். பிள்ளை நாற்காலியை விட்டு ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

அது முடிந்ததும் கணக்கு. எங்கள் புரொபசர் அம்மாவின் ஆராய்ச்சியே இதுதான். கணக்கில் தப்பு விடுகிற பல பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, முந்திக்கொண்டு வந்து நிற்கிற முதல் பதிலை ஒதுக்கத் தெரியவில்லை என்பார். "அக்காவிடம் பன்னிரண்டு பென்சில் இருக்கிறது. அது தம்பியிடம் இருப்பதைவிட நாலு அதிகம். தம்பியிடம் எத்தனை?" என்று நான் படிப்பேன். 'அதிகம்' என்று காதில் விழுந்ததுமே பிள்ளை "பதினாறு" என்று பாய்ந்துவிடும். அந்தப் பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். ஒரு நொடி பொறுக்கத்தான் தெரியாது.

பதினாறு என்றாலும் எட்டு என்றாலும் என் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பிள்ளைகள் பொல்லாதவர்கள். இமை அசைந்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அதனால் வேலையில் சேர்ந்த புதிதில் என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தே பழக்கினார்கள். பழகியது பழகியதுதான். இப்போது வீட்டில்கூட யாராவது ஏதாவது சொன்னால் முதலில் அந்த முகம்தான் வருகிறது. என் முகத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் சொன்னவர் எழுந்து போயிருப்பார்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர். மேலே கண்ணாடிக் கூண்டில் இருக்கிற ஆபரேட்டருக்குக் கீழே இருப்பது சரியாகத் தெரியாது. இவர் கையைப் பார்த்துத்தான் இரும்பு உத்தரத்தை இறக்குவார், நகர்த்துவார், நிறுத்துவார். வெயிலில் அண்ணாந்து நின்று உடம்பாலேயே பேசிப் பேசி, இவருக்கு வாய் என்பது இரண்டாம்பட்சம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் புருவம் சொல்லும். சம்பளம் தள்ளிப்போனால் தோள் சொல்லும். எங்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்டவர்கள் விளையாட்டுக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண். வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். தூசியோடு வந்து, குளித்து, டீயைக் குடித்ததும் இவர் வாண்டுவோடு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவார். கணக்குப் பாடம். கணக்கில் தேறாததால்தான் இவர் டெக்னிக்கல் படிப்பைப் பாதியில் விட்டார். கூண்டில் உட்கார்ந்திருக்க வேண்டியவன், கீழே நின்று கை ஆட்டுகிறேன் என்று வேடிக்கையாகச் சொல்வார். அது வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் வாண்டு ஒரு விடையைச் சரியாகச் சொன்னால் இவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். "சபாஷ்டி!" என்று மேஜையைத் தட்டுவார். நாள் முழுக்க வெந்துபோய் வருகிற மனுஷனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நிழல்.

எனக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு. பக்கத்து அறையில் விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வேன். கதவுக்கு அந்தப் பக்கம் "சபாஷ்டி, சபாஷ்டி" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நல்லது, ஒரு கவலை விட்டது என்று கண்ணை மூடிக்கொள்வேன்.

அப்படியிருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு வாண்டுவின் பரீட்சைத் தாளை மேஜைமேல் வைத்தார். பெயர் எழுதியிருந்தது. முதல் கணக்கின் கேள்வி எண்ணும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

"தப்பா எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. எழுதவே இல்ல. பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்."

மறுதேர்வு ஒன்று வைப்பார்கள், வருகிற வாரமே. அதிலும் தேறாவிட்டால் வாண்டு அதே வகுப்பில்தான் திரும்ப உட்கார வேண்டும். அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் மேலே போய்விடுவார்கள். டீச்சர் இதைச் சொன்னபோது நான் என்ன முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. "நான் சொல்றது புரியுதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

வீட்டுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல, அவ்வளவுதான். எங்கிட்ட ஒண்ணு விடாம சொல்றாளே? வாண்டு, புஸ்தகத்தை எடுத்துட்டு வா. அம்மாவுக்குக் காட்டலாம்."

அன்று நான் போய்ப் படுக்கவில்லை. காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து, இவர் முதுகுக்குப் பின்னால், கதவோரமாக உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினேன்.

"ஒரு கூடையில் பதினெட்டு பந்து இருக்கிறது. அது இன்னொரு கூடையில் இருப்பதைவிட மூன்று குறைவு. இன்னொரு கூடையில் எத்தனை?" என்று வாண்டு படித்தாள். படித்து முடித்த உடனே தலையை நிமிர்த்தினாள்.

"பதினஞ்சு..." என்று இழுத்தாள்.

அவள் கண் புத்தகத்தில் இல்லை. அப்பாவின் முகத்தில் இருந்தது.

"இல்ல இல்ல... இருபத்தொண்ணு!"

"சபாஷ்டி!" மேஜையில் ஓர் அடி. இவர் பெருமையாக என் பக்கம் திரும்பினார். புருவம் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

கையிலிருந்த சட்டை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடி முன்னால் உட்கார வைத்து எனக்கு எதைச் செய்யாதே செய்யாதே என்று பழக்கினார்களோ, அது அத்தனையும் என் வீட்டு மேஜையில் தினமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. "ஏங்க, கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாங்களேன்" என்றேன். இவர் எழுந்து சமையலறைக்குப் போனார். நான் இவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அடுத்ததைப் படி, கண்ணு."

"ஒரு ரயில் பெட்டியில் இருபது பேர். அது பக்கத்துப் பெட்டியில் இருப்பதைவிட ஐந்து அதிகம். பக்கத்துப் பெட்டியில் எத்தனை பேர்? இருபத்தஞ்சு..." என்று என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதுவும் இல்லை. பழக்க தோஷம்.

"பதினஞ்சு..."

சரியான விடை அது. அதற்கும் என் முகத்தில் எதுவும் இல்லை. அவள் திருதிருவென்று முழித்தாள். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே இவருடைய முதுகுதான் தெரிந்தது.

"நூறு?" என்றாள்.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது. சரியான விடையைச் சொன்னவளுக்கு அது சரி என்பதே தெரியவில்லை. இவர் தண்ணீரோடு வந்தார், நான் எழுந்துகொண்டேன். இவர் உட்கார்ந்ததும் வாண்டுவின் முகத்தில் உயிர் வந்தது. "பதினஞ்சு!" என்றாள். "சபாஷ்டி!" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் இவருடைய அந்த ஒரு மணி நேரம் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனாலும் விடியும்வரை யோசித்தேன்.

காலையில் வாண்டு பள்ளிக்கூடம் போன பிறகு, இவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை, பட்டென்று போட்டு உடைத்தேன். இவர் ஒரு கால் பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இத்தனை நாளா அவ ஒண்ணும் கத்துக்கலையா?"

"கத்துக்கிட்டா. உங்க முகத்தைக் கத்துக்கிட்டா."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இவருடைய தோள் இறங்கியது. மாட்டியிருந்த பூட்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"என் சைகை தெரியலைன்னா ஆபரேட்டர் என்ன செய்யணும் தெரியுமா? நிறுத்திடணும். பாரம் அந்தரத்துல தொங்கினாலும் சரி, அப்படியே நிறுத்திடணும். சொந்த யோசனையில இம்மி நகர்த்தக் கூடாது. அதுதான் எங்க சட்டம்." மற்ற பூட்ஸை எடுத்தார். "பரீட்சையில அவ அதைத்தான் பண்ணியிருக்கா. என்னைத் தேடியிருக்கா. நான் இல்ல. நிறுத்திட்டா."

இவர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன பார்த்தாரோ, குரல் மாறியது.

"நீ பக்கத்து ரூம்லதானே படுத்திருந்த? ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் உட்கார வைச்சு ஆராய்ச்சி பண்றீங்களே. நம்ம பொண்ணை ஒரு நாள் எட்டிப் பார்த்தியா?"

"அலுப்பா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான் அலுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சாத்திய விதத்தில் மீதியும் புரிந்தது.

அன்று சாயங்காலம் இவர் மேஜைக்கு வரவில்லை. "இனிமே அம்மா சொல்லிக்கொடுப்பாங்க" என்று பால்கனிக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். வாண்டு ஒரு விடை சொன்னாள், என்னைப் பார்த்தாள். வேறொன்று சொன்னாள், என்னைப் பார்த்தாள். மூன்றாவது கணக்கிலேயே உதடு பிதுங்கிவிட்டது.

"அம்மா முகம் கடை சாத்தின மாதிரி இருக்கு. எனக்கு அப்பாதான் வேணும்."

பெற்ற பெண் அப்படிச் சொன்னால் சுருக்கென்று இருக்காதா? இருந்தது. ஆனால் பதிலுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. மேஜையில் தலை வைத்துப் படுத்துவிட்டேன்.

வாண்டுவின் அழுகுரல் கேட்டு இவர் உள்ளே வந்தார். என்னையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார். "சரி, நானே உட்கார்றேன். உன்னை மாதிரியே உட்கார்றேன்" என்றார். உட்கார்ந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க முயன்றார். ஐயோ, அந்தக் கண்றாவியை என்ன சொல்ல! பல்லைக் கடித்து, மூக்கை விடைத்து, இஞ்சி தின்ற குரங்கு போல இருந்தது. வாண்டு அழுகையை மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே விடையை மாற்றினாள்.

"எப்படிடீ கண்டுபிடிச்ச? நான் ஒண்ணுமே பண்ணலையே!"

"உங்க காது சிவக்குதுப்பா. தப்புன்னா சிவக்கும்."

இவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இவர் நாற்காலியைத் தூக்கி, திருப்பி, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. ஆனா திரும்ப மாட்டேன், பேச மாட்டேன். நீ போடு."

நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அதனால் இவர் முகம் எனக்குத் தெரிந்தது, வாண்டுவுக்குத் தெரியவில்லை. அவள் சத்தமாகப் படித்தாள். தப்பான விடையைச் சொன்னாள். இவருடைய புருவம் சுவரைப் பார்த்து மேலே ஏறியது. உதடு கோணியது. கை மடியிலிருந்து எழும்பி, இன்னொரு கை அதைப் பிடித்துக் கீழே இறக்கியது. ஒரு நொடி பொறுக்கப் பாடுபடுகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். இப்படிப் பாடுபட்டு ஒருவரையும் பார்த்ததில்லை.

"அப்பா, சரியா?"

பதில் இல்லை.

"அப்பா? சரியா இல்லையா, சொல்லுங்க."

பதில் இல்லை.

"அப்பா, எம்மேல கோவமா?"

இவர் கண்ணில் நீர் முட்டிவிட்டது. என்னைப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று கேட்ட பார்வை. நான் என் விரலை உதட்டில் வைத்தேன். அந்த நிமிஷம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"கோவம் இல்லடி. அப்பாவுக்கும் இது ஒரு பாடம்" என்று மட்டும் நான் சொன்னேன்.

வாண்டு பென்சிலை வீசி எறிந்தாள். நாற்காலியை உதைத்தாள். "எல்லாரும் போங்க" என்றாள். யாரும் போகவில்லை. பிறகு மேஜைக்கு அடியில் நுழைந்து பென்சிலை எடுத்து வந்தாள். அதன் பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. என் அறையில் இந்த மாதிரி மௌனத்தை நான் நன்றாக அறிவேன். பிள்ளை பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல் இருக்கிற மௌனம். அங்கே அது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இங்கே முடிகிற வழியாக இல்லை.

"இரு இரு" என்று வாண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இந்தப் பெட்டியிலதானே அதிகம்... அப்ப அந்தப் பெட்டியில கம்மிதானே இருக்கணும்?"

ரப்பரால் அழிக்கும் சத்தம் கேட்டது. எழுதும் சத்தம் கேட்டது. இவர் மூச்சை அடக்கிக்கொண்டு, சரியா என்று அவள் கேட்பதற்காகக் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பி அடுத்த கணக்கைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுதேர்வு வரைக்கும் அப்படித்தான் போனது. ஒரு நாள் நான்கு தப்பு, ஒரு நாள் எல்லாமே தப்பு, ஒரு நாள் அழுகை. இவர் சுவரைப் பார்த்தபடியே தூங்கிவிழுந்த நாளும் உண்டு. எதையும் நாங்கள் உடனே சொல்லவில்லை. பாடம் முடிந்த பிறகுதான் நான் திருத்தினேன். மறுதேர்வு அன்று வாண்டு வெளியே வந்து, "தெரியல, ஆனா எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றாள். நூலிழையில் தேறினாள். டீச்சர் தாளைக் கொடுத்தார். அழித்து அழித்துக் கறுத்துப்போன தாள். வெள்ளையாக ஓர் இடம் இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். "இப்பதாங்க உங்க முகத்துல சந்தோஷத்தைப் பார்க்கிறேன்" என்றார் டீச்சர்.

அன்று இவர் சீக்கிரமே வந்தார். குளித்தார், டீ குடித்தார். நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பி, பழையபடி மேஜையைப் பார்த்துப் போட்டு, கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாண்டு, வா வா! இன்னிக்கு முகத்தைப் பார்த்தே போடலாம். பரீட்சைதான் முடிஞ்சு போச்சே!"

வாண்டு புத்தகத்தோடு வந்தாள். மேஜையருகே நின்றாள். இவரைப் பார்த்தாள், இவருடைய சிரிப்பைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள்.

"நான் அந்த ரூம்லயே போட்டுக்கறேன்பா. நீங்க எதிர்ல இருந்தா எனக்கு யோசிக்க வர மாட்டேங்குது."

வெடுக்கென்று சொல்லவில்லை. தன்மையாகத்தான் சொன்னாள். நான் படுத்துக்கொள்கிற அறைக்குள் போய் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அவள் முணுமுணுப்பது கேட்டது. "இல்ல இல்ல, இரு" என்பது கேட்டது. இவர் கதவைப் பார்த்துப் பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் இந்த மனுஷனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வாண்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

"முடிச்சிட்டியா? சரியா இருக்கான்னு பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"நானே பார்த்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டு, இவர் தோளைத் தட்டிவிட்டு, தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டாள்.

"பார்த்துட்டாளாம்" என்றார் இவர் என்னிடம்.

சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வெளியே வெளிச்சம் இன்னும் போகவில்லை. படுக்கப் போவதற்கு நிறைய நேரம் இருந்தது. அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.